வானலைக்கு விலக்கு, சேவைக்குப் பூட்டு

பழனி மலைத்தொடரின் தென்சரிவில், வட்டக்கானலுக்குக் கீழே பெரியகுளம் சமவெளியை நோக்கி அமைந்திருக்கும் வெள்ளகவி, நெடுங்காலம் வண்டிச்சாலையின்றி நடைவழியாலேயே வெளியுலகோடு தொடர்பு கொண்டிருந்த சிற்றூர். இத்தகைய ஊருக்கு இணையம் எப்போது, எவ்வழியில் வந்து சேரும் என்பதை மலையின் உயரமும் கருவிகளின் விலையும் எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றனவோ, அதே அளவுக்கு வானலைகளை யார் எந்த நிபந்தனையின் பேரில் பயன்படுத்தலாம் என்று அரசு வகுக்கும் விதிகளும் தீர்மானிக்கின்றன. அவ்விதிகள் புதிய தொழில்நுட்பத்தை எப்படி வளர்க்கின்றன, எந்த இடத்தில் தடுத்து நிறுத்துகின்றன என்பதை அறிய, இம்மலையின் அடிவாரத்திலுள்ள தேனி மாவட்டமே தக்க சான்றாகும்.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பு நடத்தும் தனியுரிமையை அரசிடம் ஒப்படைத்தது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி ஒரு வானலைக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. தந்தியும் கப்பல் வானொலியும் இருந்த உலகுக்காக எழுதப்பட்ட இந்த ஏற்பாட்டில், 2005 ஜனவரியில் மத்திய அரசு ஒரு முக்கியமான விலக்கை அளித்தது. அலைக்கற்றை எனப்படும் வானலை வரம்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை, அதாவது வைஃபை கருவிகள் இயங்கும் பகுதியை, கட்டடங்களுக்கு வெளியேயும் உரிமம் இல்லாமல் எவரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. கருவியின் திறன் 1 வாட்டுக்கும், ஆன்டெனா வழியே வெளிப்படும் பயனுறு திறன் 4 வாட்டுக்கும் மேற்படக் கூடாது என்பதும், ஆன்டெனா கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். அமெரிக்காவில் இதே பகுதி 1985இலேயே இவ்வாறு திறந்துவிடப்பட்டிருந்தது. வைஃபை என்ற தொழில்நுட்பம் பிறந்ததற்கே அந்த முடிவுதான் அடித்தளம்.

இந்தியாவின் விலக்கு வெளிவந்த மறுமாதமே இமயமலைச் சரிவிலுள்ள தரம்சாலாவில் ஒரு சமூக வைஃபை வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில், தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இயங்கிய கண் பரிசோதனை மையங்களை மலிவான வைஃபை கருவிகளால் மருத்துவமனையோடு இணைத்தனர்; மையத்திற்கு வரும் முதியவரின் கண்ணைத் தேனியிலிருக்கும் மருத்துவர் காணொளி வழியே பார்த்து ஆலோசனை கூறும் முறை இதனால் சாத்தியமாயிற்று.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. சில பத்து மீட்டர் தொலைவுக்காக வடிவமைக்கப்பட்ட வைஃபை, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திற்கும் மறுமுனையிலிருந்து உடனடி ஒப்புகையை எதிர்பார்க்கிறது. பல கிலோமீட்டர் தொலைவில் அந்த ஒப்புகை வந்து சேரத் தாமதமாவதால், பொட்டலம் தொலைந்துவிட்டதாகக் கருதி அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. இரு முனைகளும் முறைவைத்துத் தரவை அனுப்பும்படியும், ஒப்புகைகளைத் தொகுத்து அனுப்பும்படியும் மென்பொருளை மாற்றி எழுதி, தரவு வேகத்தை 2 முதல் 5 மடங்கு வரை உயர்த்தியதை ஆய்வாளர்கள் 2007இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். ஊர்ப்புற மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் கருவிகளைக் கெடுக்கும் விதமும் அங்கேயே கற்றறியப்பட்டது. ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் டெல்லியில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருந்தால், கூரைகளின் மேல் செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட இந்த ஆய்வு நடந்திருக்குமா என்பது ஐயமே. அதே வேளையில், திறன் வரம்பு என்ற விதி இருந்ததால்தான் ஒருவர் அலை மற்றொருவர் அலையைக் குலைக்காமல் அச்சுதந்திரம் நிலைத்தது.

ஆனால் மருத்துவமனை இணைத்தது தன் சொந்த மையங்களை. அது எவருக்கும் இணையத்தை விற்கவில்லை. விற்பதற்குத் தனி உரிமம் வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான சென்னை ஐஐடி குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையின் அனுபவம் இதனைத் தெளிவாக உணர்த்துகிறது. 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் கிராம இணைய மையங்களை நடத்த அது பயன்பட்டது. எனினும், 2002இல் அனுமதிக்கப்பட்ட இணையவழித் தொலைபேசி கணினிகளுக்கு இடையிலும் வெளிநாட்டு எண்களுக்கும் மட்டுமே என வரையறுக்கப்பட்டதால், உள்நாட்டுத் தொலைபேசி எண்ணுக்கு இணையவழியாகப் பேசும் வசதியை அம்மையங்கள் தர இயலவில்லை. சிற்றூர் மையத்திற்கு நாள்தோறும் வருமானம் தந்திருக்கக்கூடிய சேவை அதுவே. நல்ல கருவி கைவசம் இருந்தும், பழைய நிறுவனங்களின் வருவாயைக் காக்கும் விதி அதன் பயனைக் குறைத்துவிட்டது.

2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வானி திட்டம் இந்தப் பூட்டைப் பாதி திறந்தது. ஒரு மளிகைக் கடைக்காரர்கூட உரிமமோ பதிவோ இன்றிப் பொது வைஃபை வழங்கலாம். ஆயினும், உரிமம் பெற்ற நிறுவனத்தின் இணைப்பு கடைவாசல் வரை வந்த பிறகே இச்சலுகை உயிர் பெறுகிறது. வெள்ளகவிக்கும் பெரியகுளத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு தேனியில் வைஃபை கடந்துகாட்டிய தொலைவுகளை ஒத்ததே. அப்படியிருந்தும் கூரைக்கு மேல் 5 மீட்டர் என்ற 2005ஆம் ஆண்டின் உயர வரம்பு, வீட்டைவிடப் பல மடங்கு உயர்ந்த மரங்கள் நிற்கும் மலைக்காட்டைக் கருதி எழுதப்பட்டதன்று. அலை நெரிசல் மிகுந்த சென்னை தியாகராய நகருக்கும் அலையே அரிதான மலைச்சரிவுக்கும் அது ஒரே அளவை விதித்தது. அமெரிக்க விதிகளோ, ஒரு புள்ளியிலிருந்து மறுபுள்ளிக்கு மட்டும் குவித்து அனுப்பும் நிலையான இணைப்புகளுக்கு இப்பகுதியில் கூடுதல் பயனுறு திறனை அனுமதிக்கின்றன.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 5 விழுக்காட்டை ஊர்ப்புறச் சேவைக்கான நிதிக்குச் செலுத்துகின்றன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அந்நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயரிட்டு, ஆராய்ச்சிக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் அதைச் செலவிட இடமளித்திருக்கிறது. செல்போன் சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி வழங்க 2022இல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் கோபுரத்திற்கு அப்பால், ஊர் மக்களே அமைத்து நடத்தும் சிறு வலையமைப்புக்கும் அந்நிதியில் ஒரு பங்கு உரியது. ஊராட்சியோ மகளிர் குழுவோ தன் எல்லைக்குள் இணையம் வழங்கக் கட்டணமற்ற அனுமதியை மாவட்ட அளவிலேயே அளித்து, மலைப்பகுதிகளுக்கு ஆன்டெனா உயரத்தையும் திறன் வரம்பையும் தனியே வகுத்தால், தேனியில் மருத்துவமனை தனக்காகச் செய்துகொண்டதை மலைமேலுள்ள ஊர்கள் தமக்காகச் செய்துகொள்ள முடியும்.