தீவாக மாறிய கண்ணிவாரிக் கப்பல்

கடலடியில் நங்கூரமிட்டு, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே மிதக்குமாறு பகைவர் வைக்கும் வெடிகளை அகற்றுதற்கென்றே அமைந்த சிறு கலங்களைக் கண்ணிவாரிக் கப்பல்கள் என்பர். கப்பலின் பின்புறத்திலிருந்து நீண்டதோர் எஃகு வடம் நீருக்குள் இழுத்துச் செல்லப்படும். வெடியைப் பிணித்துள்ள கம்பி அவ்வடத்தில் சிக்கி அறுபட, வெடி மேலே மிதந்து வரும். அதனைத் தொலைவிலிருந்து சுட்டு அழிப்பர். இப்பணிக்கு மிகுந்த வேகமோ பெரும் பீரங்கியோ தேவையில்லை. அவ்விரண்டும் இல்லாமையே 1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'ஆபிரகாம் கிரைன்சன்' என்னும் டச்சுக் கப்பலுக்குப் பேரிடராயிற்று.

பிப்ரவரி 27ஆம் நாள் ஜாவாக் கடற்போரில் நேச நாட்டுக் கப்பற்படை தோற்றது. எஞ்சிய கலங்கள் ஆஸ்திரேலியாவிற்குத் தப்பிச் செல்லுமாறு ஆணை பிறந்தது. கிரைன்சனின் வேகமோ மணிக்கு 15 கடல் மைல். அதில் இருந்தவை மூன்றங்குலப் பீரங்கி ஒன்றும் சிறு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இரண்டுமே. வானூர்திகளின் கண்ணிற் பட்டால் நாற்பத்தைந்து பேருக்கும் மீட்சியில்லை.

ஆகவே அவர்கள் கப்பலை மறைக்கத் துணிந்தனர். அண்மையிலிருந்த தீவுகளில் மரங்களை வெட்டிக் கொணர்ந்து மேல்தளம் முழுவதும் கட்டினர். வெளியே தெரிந்த பகுதிகளுக்குப் பாறை போல வண்ணம் தீட்டினர். பகலில் கரையோரம் நங்கூரமிட்டு அசையாது நிற்பர். இரவில் மட்டுமே செல்வர்.

இவ்வேற்பாட்டில் மரங்களைவிட அசையாமையே முதன்மையானது என்பது என் கருத்து. வானிலிருந்து நோக்குவோனுக்குக் கப்பலைக் காட்டிக்கொடுப்பது அதன் பின்னே நீளும் வெண்ணுரைத் தடமே. நின்ற கப்பலுக்கு அத்தடம் இல்லை. அடுத்தபடியாகக் காட்டிக்கொடுப்பவை உடற்பகுதியின் நேர்கோடுகளும் அவற்றின் நிழலும். கிளைகள் அவற்றைச் சிதைத்துவிட்டன. ஆயிரக்கணக்கான தீவுகள் நிறைந்த அக்கடலில் ஒன்று மிகுந்திருப்பதை யார் எண்ணிப் பார்ப்பர்? எனினும் வெட்டிய தழை வாடும்; உயிருள்ள இலையைப்போல அகச்சிவப்புக் கதிர்களை அது திருப்பியனுப்புவதில்லை. அவ்வேறுபாட்டைக் காட்டவல்ல படச்சுருள் அப்போரின்போதே உருவாக்கப்பட்டது. நற்பேறாக, கிரைன்சனைத் தேடியவர்கள் வெறுங்கண்ணையே நம்பியிருந்தனர்.

அதே வகையைச் சேர்ந்த வேறு மூன்று கலங்கள் தப்பவில்லை. இரண்டினைப் பணியாளரே மூழ்கடித்தனர். 'யான் வான் ஆம்ஸ்டல்' மார்ச்சு 8ஆம் நாள் ஜப்பானிய நாசகாரிக் கப்பலால் அழிக்கப்பட்டது. கிரைன்சன் மட்டும் மார்ச்சு 20 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் துறையை அடைந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்க்கப்பட்டு, வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றது. 1943 மே மாதத்தில் டச்சுக்காரரிடம் திரும்பியது. இன்று டென் ஹெல்டர் நகரிலுள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் நிற்கின்றது, மரங்களின்றி.