மேசைமேல் பிறக்கும் ஹெலிகாப்டர்

பெட்டியைத் திறந்ததும் ஹெலிகாப்டர் கண்ணில் படாது. எண் போட்ட சிறு சிறு பிளாஸ்டிக் உறைகள்தான் இருக்கும். ஓர் உறையில் இரண்டு மில்லிமீட்டர் திருகாணிகள், இன்னொன்றில் பேரிங்குகள், மற்றொன்றில் கடைந்தெடுத்த அலுமினியப் பிடிகள். கார்பன் ஃபைபர் தகடுகள், வால் குழாய், நீளமான இரண்டு பிளேடுகள் எல்லாம் தனித்தனி. மோட்டார், சர்வோ, கைரோ, பேட்டரி, ரிமோட் ஆகியவற்றைப் பெரும்பாலும் நாமே தேடி வாங்கிச் சேர்க்க வேண்டும். ரேடியோவில் இயங்கும் மின்சார மாதிரி ஹெலிகாப்டரை இப்படித் துண்டு துண்டாக வாங்கி, வீட்டு மேசையில் வைத்துக் கோத்து, மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. தமிழ்நாட்டில் பலருக்கு இந்த ஈடுபாடு நடிகர் அஜித்குமார் வழியாக அறிமுகம். கோக்காமல் நேரே பறக்கவிடும் ரகங்களும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்பதைக் கைகளால் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இப்படி உறுப்புகளாக வரும் கிட்டைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதியவர்கள் அதிகம் கோத்துப் பழகியது '450' என்ற அளவு. தைவானின் அலைன் நிறுவனம் 2000-களின் நடுவில் கொண்டுவந்த டி-ரெக்ஸ் 450 அந்த அளவையே பிரபலமாக்கியது. பிளேடு ஒன்றின் நீளம் 325 மில்லிமீட்டர். பிளேடுகள் சுற்றும் ரோட்டர் வட்டத்தின் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். பறக்கத் தயாரான நிலையில் எடை முக்கால் கிலோ அளவில் இருக்கும். பார்வைக்குச் சாது. ஆனால் ரோட்டர் நிமிடத்துக்கு 2,800 முறை சுற்றும்போது பிளேடின் நுனி மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்போது ஒவ்வொரு பிளேடும் தன்னைப் பிடித்திருக்கும் போல்ட்டை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, அந்தப் போல்ட்டில் 40 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டதற்குச் சமம். பிளேடின் எடையோ முப்பது கிராம் அளவுதான்! கோக்கும் வேலையில் காட்ட வேண்டிய கவனம் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறது.

உலோகத்துக்குள் உலோகம் இறங்கும் ஒவ்வொரு திருகாணியிலும் நீல நிறத் திரெட்லாக்கர் வைக்க வேண்டும். லாக்டைட் என்றால் கடைக்காரர் எடுத்துத் தருவார். பல்குச்சியின் நுனியில் தொட்டு வைத்தாலே போதும். வைக்காவிட்டால் அதிர்விலேயே திருகாணி கழன்றுவிடும். கூடிப்போனால் வழிந்து பேரிங்குக்குள் இறங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகாணிக்கு அது ஆகாது, விரிசல் விடும். ஆலன் கீயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மட்டமான கீ ஒன்றரை மில்லிமீட்டர் தலையை ஒரே திருகில் மழுக்கிவிடும். அப்புறம் அந்தத் திருகாணியைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பல கிட்களில் ரோட்டர் தலையைத் தொழிற்சாலையிலேயே கோத்து அனுப்புகிறார்கள். வேலை மிச்சம் என்று அதை அப்படியே மாட்டிவிடத் தோன்றும். முழுவதையும் பிரித்து, துடைத்து, திரும்பக் கோப்பதே சரி. உள்ளே இருக்கும் திருகாணியில் லாக்டைட் வைத்தார்களா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பிளேடு பிடிக்குள் இருக்கும் திரஸ்ட் பேரிங்கும் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு வளையங்கள், நடுவே குண்டுகள். வளையங்கள் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் துளை மட்டும் மயிரிழை அளவு பெரிது. பெரிய துளை உள்ளது ரோட்டரின் நடுப்பக்கம் போக வேண்டும், சிறியது வெளிப்பக்கம். மாற்றிப் போட்டாலும் மாட்டிக்கொள்ளும், மேசையில் விரலால் சுற்றினால் சுழலவும் செய்யும். அந்த 40 கிலோ இழுவை வந்ததும்தான் உரசித் தேய ஆரம்பிக்கும்.

ஹெலிகாப்டரின் உயிர் ஸ்வாஷ்பிளேட் என்னும் சின்னத் தட்டில் இருக்கிறது. மெயின் ஷாஃப்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். கீழ் வளையம் சுழலாது. மேல் வளையம் ரோட்டரோடு சேர்ந்து சுழலும். கீழ் வளையத்தை 120 பாகை இடைவெளியில், ரிமோட்டின் சொல்படி அசையும் மூன்று சர்வோக்கள் பிடித்திருக்கின்றன. மூன்றும் சேர்ந்து தூக்கினால் இரண்டு பிளேடுகளின் கோணமும் ஒன்றாகக் கூடி ஹெலிகாப்டர் மேலே ஏறும். தட்டு சாய்ந்தால், பிளேடு சுற்றின் ஒரு பக்கத்தைக் கடக்கும்போது மட்டும் கோணம் கூடி, எதிர்ப்பக்கத்தில் குறையும்.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டரில் மூக்கைத் தாழ்த்த வேண்டுமானால், பின்பக்கத்தில் கோணத்தைக் கூட்டிப் பயனில்லை. வலப்பக்கத்தில் கூட்ட வேண்டும். சுழலும் பம்பரத்தை ஒருபக்கம் தட்டினால் அது வேறுபக்கம் சாய்கிறதே, அதே விதிதான் இங்கும். கொடுத்த விசை கால் சுற்று தள்ளிப் பலன் தருகிறது. இந்தக் கால் சுற்றைக் கணக்கில் வைத்துத்தான் ஒவ்வொரு இணைப்புக் கம்பியின் இடமும் அமைகிறது. புத்தகத்தில் படித்தபோது மண்டையில் ஏறாத இந்த விஷயம், கம்பியை மாட்டிவிட்டு ரோட்டரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கும்போது தானாகவே விளங்கிவிடும்.

சொல்லப்போனால், இன்றைய பெரிய ஹெலிகாப்டர்களில் ஒரு வம்சமே மின்சார மாதிரியிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஆர்தர் யங் பிரின்ஸ்டனில் கணிதம் படித்தவர். 1928-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் பென்சில்வேனியாவில் தனியாக உழைத்தார். பயோலி என்ற ஊரில் ஒரு பழைய தானியக் கொட்டகையைப் பட்டறையாக்கி, ஹெலிகாப்டர் மாதிரிகளைச் செய்தார், உடைத்தார், திரும்பச் செய்தார். ரோட்டரை நிலைப்படுத்த வழி தேடிய அவர் கண்டது, பிளேடுகளுக்குச் செங்குத்தாக, முனைகளில் எடை வைத்த ஒரு தண்டு. உடல் ஆடினாலும் சுழலும் தண்டு தன் தளத்தை எளிதில் விடாது. அதோடு இணைத்த பிளேடுகளும் ரோட்டரை அந்தத் தளத்திலேயே பிடித்து வைக்கும். மின்மோட்டாரில் இயங்கிய அந்த மாதிரியை அவர் 1941-ல் பஃபலோ நகரிலிருந்த பெல் விமான நிறுவனத்துக்கு எடுத்துப்போய்ப் பறக்கவிட்டுக் காட்டினார். நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த முயற்சியின் பலனான பெல் 47, 1946 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. அதில் ஒன்று இன்றும் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆள் ஏறும் இயந்திரத்தை உடைத்து உடைத்துப் பாடம் கற்க முடியாது. மாதிரியை முடியும். யங் பெற்ற பெரிய பலம் அதுதான்.

ரேடியோ மாதிரிகளின் கதை பிறகு வருகிறது. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் நம்பிப் பறக்கவிடக்கூடிய ஹெலிகாப்டர் மாதிரியை உருவாக்கிக் காட்டினார். அந்தக் காலத்து மாதிரிகள் மெத்தனாலும் எண்ணெயும் குடிக்கும் சின்ன எஞ்சின்களில் ஓடின. மின்சாரம் பின்தங்கியதற்குக் காரணம் பேட்டரி. 450 அளவுக்கு இன்று பயன்படுவது மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட், 2,200 மில்லிஆம்பியர்-மணி லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. எடை சுமார் 180 கிராம். இதே மின்சாரத்தைப் பழைய நிக்கல்-காட்மியம் செல்லில் அடைக்க அரை கிலோ வேண்டும். மொத்த எடையே முக்கால் கிலோ உள்ள இயந்திரத்துக்கு அது கட்டுப்படியாகாது. 1990-களின் கடைசியில் ஜெர்மனியிலிருந்து வந்த பிக்கோலோ போன்ற மிக இலேசான மாதிரிகள் மின்சாரத்தில் பறக்கலாம் என்று காட்டின. லைப்போவும் பிரஷ்லெஸ் மோட்டாரும் சேர்ந்தபோது சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று.

மின்சாரம் வந்ததால் கோக்கும் வேலை எளிதாகிவிடவில்லை. சர்வோவின் கையை மாட்டும் முன் அதற்கு மின்சாரம் கொடுத்து நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் கையைச் செங்கோணத்தில் மாட்டலாம். மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனும் பெரிய பல்சக்கரமும் சேரும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்தி, திருகாணியை முறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவ வேண்டும். அந்த இடைவெளிதான் சரியான இடைவெளி. வால் ரோட்டரைச் சுற்றும் பெல்ட், குழாய்க்குள் கால் திருப்பு திரும்பிப் போகிறது. தவறான பக்கம் திருப்பினால் வால் ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றும். தரையை விட்டதும் ஹெலிகாப்டர் கட்டுப்பாடின்றிச் சுழலும். வால் விலகாமல் பார்த்துக்கொள்ளும் கைரோவுக்கும் ஒரு சோதனை உண்டு. மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்பினால், கைரோ அதை வலப்பக்கம் திருப்பும்படி வால் பிளேடுகளை அசைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகள் நடக்கும்போது மோட்டாரின் மூன்று ஒயர்களும் கழற்றியே இருக்க வேண்டும். பேட்டரி மாட்டிய ஹெலிகாப்டரை மேசையில் வைத்து, ஒயர்களைக் கழற்றாமல் ரிமோட்டை நோண்டுவது உயிரோடு விளையாடுவது. 2013-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்காவில் பெரிய அளவு மாதிரி ஒன்றைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞர் அதன் பிளேடு பட்டு இறந்தார். இது பொம்மை இல்லை.

யங்கின் தண்டு, பின்னால் சேர்ந்த துடுப்புகளோடு, பல பத்தாண்டுகள் மாதிரிகளின் தலையில் சுற்றியது. 2010-க்குப் பிறகு மூன்று அச்சுகளிலும் ஆட்டத்தை அளக்கும் மின்னணுக் கருவி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. தலை எளிமையாயிற்று. கோத்ததில் உள்ள குறையை இந்தக் கருவி சரிக்கட்டிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது நடக்காது. இரண்டு பிளேடு பிடிகளையும் இணைக்கும் ஃபெதரிங் ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ பிளேடுகளின் எடை பொருந்தாவிட்டாலோ வரும் அதிர்வு, கருவியின் உணரியையே குழப்பிவிடும். ஷாஃப்டைக் கண்ணாடிமேல் உருட்டி வளைவு பார்க்கும் பழைய பழக்கம் இன்றும் வேண்டும்.

இந்த மேசை வேலை செவ்வாய்க் கிரகம் வரை போயிருக்கிறது. 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே பறந்த நாசாவின் இன்ஜெனுயிட்டி, 1.8 கிலோ எடையும் 1.2 மீட்டர் ரோட்டரும் கொண்ட மின்சார ஹெலிகாப்டர். லித்தியம் பேட்டரி, ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்வாஷ்பிளேட், அதை அசைக்க மூன்று சர்வோக்கள். 450 கோத்தவர் இதன் படத்தைப் பார்த்தால் ஒவ்வொரு உறுப்பையும் அடையாளம் சொல்வார். அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம் சென்னை ஐஐடியில் படித்தவர். பூமியின் காற்றில் நூறில் ஒரு பங்கு அடர்த்தியே உள்ள இடத்தில் ஐந்து முறை பறந்தாலே போதும் என்று அனுப்பிய இயந்திரம், 2024 ஜனவரியில் பிளேடு சேதமடையும் வரை 72 முறை பறந்தது.

நம் முதல் ஓட்டம் இவ்வளவு பெரிய காரியம் இல்லை என்றாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், நீங்கள் தேர்ந்த இடம் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடாத சிவப்பு மண்டலத்தில் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆளில்லாத திறந்த வெளி, ஹெலிகாப்டருக்கும் நமக்கும் இடையே குறைந்தது பத்து மீட்டர் தூரம். ஒரு பிளேடின் நுனியில் வண்ண டேப் ஒட்டி, சுற்றும்போது பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இரண்டு பிளேடுகளும் ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. டேப் ஒட்டியது மேலே தெரிந்தால் அதன் இணைப்பை அரைச் சுற்றோ ஒரு சுற்றோ மாற்ற வேண்டும். வாலை நம் பக்கம் வைத்து, முழங்கால் உயரத்தில் சில நொடிகள். இறக்கிவிட்டு எல்லாத் திருகாணிகளையும் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரி செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. அடுத்த சில நாள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். உப்பிப்போன லைப்போவைச் சார்ஜ் போடவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

நான்கு மோட்டார் டிரோன் வந்த பிறகு இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிரோனில் மோட்டார்கள் நின்றால் அது கல்லாக விழும். ஹெலிகாப்டரில் மோட்டாரை அணைத்துவிட்டும் இறங்கலாம். பிளேடின் கோணத்தைக் குறைத்ததும் கீழிருந்து மேலே பாயும் காற்றே ரோட்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும். தரை நெருங்கும்போது கோணத்தைக் கூட்டினால், அதுவரை சேர்ந்த சுழற்சி வேகம் கடைசித் தூக்கலைத் தந்து மெல்ல இறக்கும். மைதானத்தில் ஆட்டோ என்று சுருக்கிச் சொல்லும் இந்த வித்தையைச் சிமுலேட்டரில் நிறையப் பழகிவிட்டுத்தான் செய்து பார்க்க வேண்டும். அதற்கென்றே பெரிய பல்சக்கரத்தின் நடுவில் ஒருவழி பேரிங் ஒன்று இருக்கிறது. மோட்டார் சுற்றினால் ரோட்டரும் சுற்றும். மோட்டார் நின்றாலும் ரோட்டர் நிற்காது. அதைக் கோக்கும்போது சுத்தமாகத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் வைத்து, எந்தப் பக்கம் பிடிக்கிறது, எந்தப் பக்கம் வழுக்கி ஓடுகிறது என்று விரலால் சுற்றிப் பார்த்துவிட்டே மெயின் ஷாஃப்டில் ஏற்றுங்கள்.