காற்றுத் தொட்டியாக்கப்படும் பழைய வாயு சிலிண்டர்கள்

வாகனச் சக்கரங்களுக்குக் காற்றடைத்தல், வண்ணம் தெளித்தல், இயந்திர உறுப்புகளை ஊதித் துப்புரவு செய்தல் ஆகிய வேலைகளுக்கு அமுக்கிய காற்று இன்றியமையாததாகும். அதனைச் சேமிக்கும் தொட்டி விலை மிகுந்தது. அந்தமான் தீவுகளுக்கோ அது கப்பலேறி வரவேண்டும். ஆகவே, மூலையில் கிடக்கும் பழைய சமையல் வாயு சிலிண்டரைத் தொட்டியாக்கிவிடலாமே என்னும் எண்ணம் பட்டறைக்காரருக்குத் தோன்றுவது இயல்பே. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் டெலானிபூர்ப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராயலாம். அங்கு வீசும் ஈரக் காற்றே இவ்வினாவுக்குப் பாதி விடை கூறிவிடுகிறது.

முதற்பார்வையில் இவ்வெண்ணம் தவறாகத் தோன்றாது. 14.2 கிலோகிராம் வாயு கொள்ளும் வீட்டுச் சிலிண்டர், சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம் அமுக்கத்தில் சோதிக்கப்படுகிறது. பட்டறைக்கு வேண்டுவதோ ஏறத்தாழ 7 கிலோகிராம் அமுக்கமே. மும்மடங்குக்கு மேற்பட்ட வலிமை இருக்கிறதே என்று எவரும் வாதிடக்கூடும். ஆனால், அச்சோதனை ஈரமற்ற வாயுவை அடைப்பதற்கெனச் செய்யப்பட்டது. சிலிண்டரின் மேல் எழுதப்பட்டுள்ள சோதனைத் தவணையும் அவ்வாயுவைக் கருதியே விதிக்கப்பட்டதாகும். காற்று அத்தகையதன்று, அது நீரைச் சுமந்து வருகிறது.

எவ்வளவு நீர் என்பதைக் கணக்கிடுதல் எளிது. வெப்பம் 30 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 80ம் உள்ள ஒரு நாளில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 7 கிலோகிராம் அமுக்கத்துக்கு உள்ளாக்கினால் அதன் பருமன் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. அது மீண்டும் 30 டிகிரிக்குக் குளிர்ந்தபின் ஏறத்தாழ 4 கிராம் நீராவியையே தாங்கவல்லது. எஞ்சிய 20 கிராம் நீராகிப் படிகிறது. நிமிடத்துக்கு 150 லிட்டர் காற்றை உறிஞ்சும் சிறு இயந்திரம் ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீர் சேரும். அதில் ஒரு பகுதி குழாய் வழியே வெளியேறினும் பெரும்பகுதி தொட்டியின் அடியிலேயே தேங்கும்.

காற்றுத் தொட்டி எனவே செய்யப்பட்ட கலத்தின் அடியில் இந்நீரை வடிக்க ஒரு திறப்பு உண்டு. சமையல் வாயு சிலிண்டருக்கோ மேலே ஒரே வாய்தான். அடியில் தேங்கிய நீர் அங்கேயே நின்று எஃகை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பூசிய வண்ணம் பளபளப்பாகவே இருக்கும். தகட்டின் தடிமன் பாதியானால் அதே அமுக்கம் உலோகத்தில் உண்டாக்கும் இழுவிசை இருமடங்காகிறது. துருவோ சீராகப் பரவாமல் குழி குழியாகத் தோண்டும் இயல்புடையது. வடிதிறப்பை நாமே துளையிட்டுப் பற்றவைத்துக்கொள்வோம் என்றால், சிலிண்டருக்குச் செய்யப்பட்ட வெப்பப் பக்குவமும் சோதனையும் அப்போதே பயனற்றுப் போகின்றன. உள்ளே எஞ்சிய வாயு பற்றவைக்கும்போதே வெடிக்கவும் கூடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே இவ்வாயு தீப்பற்றும்.

கலம் வெடித்தால் நேர்வது என்ன? 33 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 7 கிலோகிராம் அமுக்கத்தில் அடைந்த காற்றின் ஆற்றல், 50 கிலோகிராம் மூட்டையை 65 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப் போதுமானது. அதே சிலிண்டரில் அதே அமுக்கத்தில் நீரை நிரப்பினால், அந்நீரில் சேரும் ஆற்றல் ஒரு கிலோகிராம் எடையை அரை மீட்டர் உயர்த்தவும் போதாது. கலங்களைக் காற்றினாலன்றி நீரினால் சோதிப்பதன் காரணம் இதுவேயாகும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் இரு பலூன்களைக் கொண்டு காட்டலாம்: காற்றடைத்தது ஊசி பட்டதும் ஓசையுடன் சிதறும், நீர் நிரப்பியது வெறுமனே கொட்டிவிடும்.

குளிர்சாதன வாயு வரும், ஒருமுறை மட்டுமே பயன்படும் உருளைகள் இன்னும் மெல்லியவை. இவற்றை மீண்டும் நிரப்புவதை அமெரிக்க நாட்டுப் போக்குவரத்து விதிகள் தடை செய்துள்ளன.

ஒரு வாயுவுக்குரிய சிலிண்டரை வேறு வாயுவுக்கு மாற்றுதல் முற்றிலும் இயலாததன்று. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் கொரோனா நோயாளிகளுக்குப் பிராணவாயு போதாமற்போன வேளையில், நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களைப் பிராணவாயுவுக்கு மாற்ற, நாகபுரியில் தலைமையகம் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இசைவளித்தது. ஆனால் அவை எரியாத வாயுவைக் கொண்டிருந்தவை. துப்புரவு செய்து, வால்வு மாற்றிய பின்னரே பயன்பட வேண்டியவை. அது பட்டறையில் இரவோடிரவாகச் செய்யும் மாற்றமன்று. மேலும், வீட்டுச் சமையல் வாயு சிலிண்டர் வைப்புத்தொகை பெற்றுக்கொண்டு தரப்படும் எண்ணெய்க் கம்பெனியின் உடைமையாகும். அதனைத் துளையிட வாடிக்கையாளருக்கு உரிமை இல்லை.

ஆகவே தொட்டி வேண்டுவோர், ஐஎஸ் 7938 என்னும் இந்தியத் தர அளவின்படி செய்யப்பட்டதையே வாங்குதல் வேண்டும். பாதுகாப்பு வால்வு, அமுக்கமானி, வடிதிறப்பு ஆகிய மூன்றும் உள்ளனவா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். டெலானிபூர் போன்ற ஈர நிலத்தில் நாள்தோறும் மாலையில் நீரை வடித்துவிடுதல் நன்று.

சிலிண்டரால் ஆன தொட்டி ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதைக் காணும் களப்பணியாளர், அதனைத் தட்டிப் பார்க்கவோ அசைக்கவோ கூடாது. முதலில் மோட்டாரை நிறுத்தச் செய்து, ஆட்களை விலக்கி, நீண்ட குழாயின் மறுமுனை வழியே காற்றை மெல்ல வெளியேற்றச் செய்யவேண்டும். பின்னர், சமையல் வாயு சிலிண்டராயின் விநியோகஸ்தருக்குத் தெரிவித்து ஒப்படைக்கச் செய்தல் முறை. கழிக்கப்பட்ட சிலிண்டரை மீண்டும் ஒட்டமுடியாதவாறு நசுக்கியோ துண்டித்தோ அழிக்கவேண்டும் என்பதே விதி.