எழுத்துக்குள் எழுத்து

சீன மொழியில் மரத்தைக் குறிக்கும் எழுத்தை இருமுறை சேர்த்தெழுதினால் தோப்பு. மும்முறை எழுதினால் பெருங்காடு. பெண்ணின் குறியோடு குதிரையின் குறி சேர்ந்தால் அம்மா! குதிரை அங்கே 'மா' என்னும் ஒலிக்காக மட்டுமே வந்து நிற்கிறது.

நம் தமிழிலும் உறுப்புகள் கூடியே உயிர்மெய் அமைகிறது. ஆனால் அவை ஒலியை மட்டுமே காட்டும். ககரத்தின் முன் கொம்பும் பின் காலும் நின்றால் 'கொ'. இவ்வொழுங்கிற்கு அடங்காது ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் தனி வடிவில் இருந்தன. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்று, 1978இல் தமிழக அரசு அவற்றை மாற்றியது. கற்போர்க்கு அது பெரும் உதவியே.

ஆனால், பந்தல்குடியில் எங்கள் கரிசல் காட்டுப் பத்திரம் அதற்கு முந்தியது. வீட்டில் கல்லூரி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், அப்பா அதை என்னிடம் நீட்டினார். 'எல்லை' என்ற சொல்லிலேயே பழைய 'லை': இணைக்கொம்பு இல்லை, லகரத்தின் முன்புறம் துதிக்கைபோல் ஒரு வளைவு. அதைப் பழகிய பிறகுதான் எங்கள் நிலத்தின் நான்கு எல்லைகளையும் அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்.