பின்வரிசைக் குடம் முன்வரிசைக்கு வந்த கதை

ஓர் இசைக்குழு தன் நாட்டு எல்லையைத் தாண்டி உலகப் புகழ் பெறுவது எவ்வாறு? ஜெர்மனியின் ஹானோவர் நகரில் 1965இல் தோன்றிய ஸ்கார்பியன்ஸ் குழுவை நம் மாணவ நண்பர்கள் சிலர் அறிவர். மின்கிதாரும் பெருமுழக்கமும் அவர்களுடைய படைக்கலன்கள். ஆயினும் உலக அரங்கில் ஏறத் தாய்மொழியை ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். இதற்கு நேர்மாறான வழியில் சென்ற குழு ஒன்று உண்டு. அதன் பெயர் 'சக்தி'. அதில் ஒரு மண்குடமும் இருந்தது. குடத்தை வாசித்தவர் டி.எச். விநாயக்ராம். அந்த 'டி' என்ற எழுத்து தேத்தாகுடியைக் குறிக்கும். வேதாரணியம் பக்கத்து ஊர். பழைய தஞ்சை மாவட்டத்தின் கடைக்கோடி.

கடம் என்னும் இவ்வாத்தியத்தின் நிலையை முதலில் கூறிவிட வேண்டும். கச்சேரி மேடையில் அது உபபக்கவாத்தியம். பாடகர் நடுவில், வயலினும் மிருதங்கமும் இரு புறங்களில், கடம் பின்னால். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்து முடித்த பிறகே அதன் முறை வரும். எங்கள் வீட்டில் காசு கொடுத்துக் கச்சேரி கேட்டவர் எவருமில்லை. திருவையாற்று ஆராதனையில் மணலில் உட்கார்ந்து இலவசமாகக் கேட்டதுதான். அப்போதெல்லாம் என் கண் பின்வரிசைக்கே போகும். அங்கே இருப்பவர் உழைப்பு குறைந்ததன்று என்பது கேட்கும் எவருக்கும் விளங்கும்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. குடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி வாசிப்பது வெறும் வழக்கமன்று. உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போல அதிர்கிறது. வாய்த்திறப்பு குறையக் குறைய அதிர்வெண் இறங்கும், திறந்தால் ஏறும். நம் பாடநூலில் வரும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி இதுவேயாம். கழுத்தில் தட்டினால் ஒரு நாதம், நடுவில் வேறு, அடியில் வேறு. நல்ல கடத்துக்கு மானாமதுரை மண்ணைத்தான் தேடிப் போகிறார்கள். காவிரி மண் நெல்லுக்குப் போதும் போலிருக்கிறது!

இனிக் குழுவுக்கு வருவோம். ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1942இல் பிறந்த கிதார் கலைஞர். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற அவரது மின்னிசைக் குழு பெரும் பேர் பெற்றிருந்தது. அந்தப் பேரையும் வருமானத்தையும் விட்டு அவர் நம் இசையைக் கற்க வந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். வயலின் கலைஞர் எல். சங்கரை அவர் கண்டுகொண்டதும் அங்கேதான். சங்கரின் இளமை யாழ்ப்பாணத்தில் கழிந்தது. 1958 இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் இலங்கையை விட்டு வந்தது. தபேலாவுக்கு மும்பையின் ஜாகிர் உசேன். மிருதங்கத்துக்கு முதலில் ராம்நாட் இராகவன்.

1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியே முதல் இசைத்தட்டாக வந்தது. நம்மைப்போல் ஒரு கல்லூரி மேடை! அப்போது ஜாகிருக்கு 24 வயது, சங்கருக்கு 25. பின்னர் 1976, 1977 ஆண்டுகளில் மேலும் இரண்டு தட்டுகள் வந்தன.

அவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதுதான் இதில் சுவையான செய்தி. வடக்கத்தித் தபேலாவும் தெற்கத்திக் கடமும் வெவ்வேறு மரபுகள். இரண்டுக்கும் பாலமாக அமைந்தது சொற்கட்டு. 'தகதிமி', 'தகிட' என்று வாயால் சொல்லிக்காட்டிவிட்டால் கணக்கு விளங்கிவிடுகிறது; மொழிபெயர்ப்பு தேவையில்லை. மெக்லாஃப்லினும் கமகத்துக்காகத் தம் கிதாரின் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கிக்கொண்டார். தந்தியை அழுத்தி இழுக்க வீணையைப் போல இடம் கிடைத்தது. வளைந்துகொடுத்தவர் நம்மவர் மட்டுமல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உட்கார்ந்த விதம். 'சக்தி' மேடையில் கடம் பின்னால் இல்லை. நால்வரும் ஒரே வரிசை. குடத்தின் வாசிப்புக்குக் கிதாரும் வயலினும் காத்திருந்தன. நம் மேடையில் கிடைக்காத இந்தச் சரிசமம் கடல் கடந்து கிடைத்தது என்பதை நினைக்கையில் மகிழ்ச்சியோடு சிறிது நாணமும் தோன்றத்தான் செய்கிறது.

உடனே வெற்றி வந்ததா என்றால் இல்லை. மின்கிதாரின் முழக்கத்தை எதிர்பார்த்த இரசிகர் பலர் ஏமாந்தனர். 1978இல் குழு கலைந்தது. ஆனால் விநாயக்ராம் நிற்கவில்லை. மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் அவர் குடமும் ஒலித்தது. உலக இசைக்கான கிராமி விருதை முதன்முதல் பெற்ற தட்டு அது. 1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டும் கூடியபோது அவரும் சென்றார். அவருக்குப் பின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவுடன் அவ்விடத்தில் அமர்ந்தார். கஞ்சிராவும் உபபக்கவாத்தியந்தான் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், சங்கர் மகாதேவன் ஆகியோரும் சேர்ந்தனர். ஸ்ரீநிவாஸ் 2014இல் காலமானார்.

2023இல் வெளிவந்த 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது; முதல் கச்சேரிக்கு ஏறத்தாழ நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்! அவ்வாண்டு டிசம்பர் 15இல் ஜாகிர் உசேன் மறைந்தார். கேட்க விழையும் நண்பர்கள் அந்த முதல் தட்டில் உள்ள 'ஜாய்' என்ற நீண்ட உருப்படியிலிருந்து தொடங்கலாம். முதல் முறை கிதாரை விட்டுவிட்டுக் குடத்தை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.