பின்னால் வரும் டயர்

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக ஒரு கேம்பர் டிரெய்லர் வாங்கியிருக்கிறார். வாங்கிய சில ஆண்டுகளுக்குள் அதில் இரண்டு டயர்கள் வெடித்துவிட்டன. இரண்டுமே மொட்டை டயர் அல்ல, பட்டன் புத்தம்புதிதாக இருந்தவை என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். எந்தக் கம்பெனி டயர் வாங்கினால் தாங்கும் என்பது அவருடைய கேள்வி.

அமெரிக்க டிரெய்லர்காரர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கும் கேள்விதான் இது. மலிவான இறக்குமதி டயர்களுக்கு அவர்கள் 'சீன வெடிகுண்டு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2017-இல் குட்இயர் நிறுவனம் அமெரிக்காவிலேயே தயாரித்த 'எண்டூரன்ஸ்' டயரைக் கொண்டுவந்தபோது பலர் உடனே அதற்கு மாறினார்கள். நல்ல டயர்தான். ஆனால் எந்த நல்ல டயரையும் ஒரே கோடையில் பாழாக்கிவிட முடியும். கம்பெனியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

முதலாவது, எடை. டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் எஸ்டி 205/75ஆர்15 என்பதுபோல ஒரு குறி இருக்கும். எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்தது. கார் டயரைவிடப் பக்கச்சுவர் விறைப்பானது. இந்த அளவில், சுமைத்திறனில் 'சி' வகை டயர் 50 பிஎஸ்ஐ காற்றில் 825 கிலோவைத் தாங்கும். நான்கு டயருக்கு 3,300 கிலோ. டிரெய்லர் சாமான்களோடு 3,200 கிலோ என்றால் கணக்கு சரியாக இருப்பதுபோலத் தெரியும்; அதில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தை இழுக்கும் வண்டியின் கொக்கியும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்து டயர் தன் எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓடும். மொத்த எடையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. சக்கரம் சக்கரமாக எடை போட்டுப் பார்ப்பதுதான் சரி. 225/75ஆர்15 அளவில் 'டி' வகை 65 பிஎஸ்ஐ காற்றில் 1,150 கிலோ தாங்கும். 'இ' வகை 80 பிஎஸ்ஐ காற்றில் 1,285 கிலோ. ரிம் அந்த அழுத்தத்துக்கு ஏற்றதாக இருந்து, மூன்று சென்டிமீட்டர் கூடுதல் உயரமுள்ள அந்த டயருக்கு மட்கார்டுக்கு அடியில் இடமும் இருந்தால், பிராண்டை மாற்றுவதைவிட ஒருபடி மேலே போவது பலன் தரும்.

இரண்டாவது, முறுக்கு. இந்த டயர்களுக்கு நேரும் இந்த விசித்திரமான கொடுமை நெடுஞ்சாலையில் தொடங்குவதில்லை. முகாம் மைதானத்தில், மனிதன் நடக்கும் வேகத்தில் தொடங்குகிறது.

கார் திரும்பும்போது அதன் முன்சக்கரங்கள் திரும்பிக்கொடுக்கின்றன. நான்கு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே மையத்தைச் சுற்றி உருள்கின்றன. இரட்டை அச்சு டிரெய்லரில் எந்தச் சக்கரமும் திரும்பாது. ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு அச்சுகளும் இணையாகக் கிடக்கின்றன. இணைகோடுகள் சந்திப்பதில்லை என்று பள்ளியில் படித்ததன் விலையை இங்கே டயர்தான் கொடுக்கிறது. குறுகிய வளைவில் முன் அச்சின் டயர்கள் ஒரு பக்கமும் பின் அச்சின் டயர்கள் எதிர்ப்பக்கமும் தரையில் தேய்ந்தபடி இழுபடுகின்றன. டிரெய்லரைப் பின்னோக்கி ஒடித்து நிறுத்தும்போது சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், ரிம் ஒரு பக்கம் போக, தரையைக் கவ்விய பாகம் வர மறுத்து மறுபக்கம் பிதுங்கி நிற்பது தெரியும். முதல் தடவை பார்க்கிறவருக்கு டயர் கழன்றுவிடுமோ என்று பதறும்.

டயர் கழலாது. சேதம் உள்ளே நடக்கிறது. ரேடியல் டயரின் பட்டனுக்கு அடியில் எஃகு இழைகள் கொண்ட இரண்டு அடுக்குகள் எதிரெதிர் கோணத்தில் படுத்திருக்கின்றன. அவற்றைப் பிடித்துவைத்திருப்பது நடுவிலுள்ள ரப்பர். டயர் முறுக்கப்படும்போதெல்லாம் இரண்டு அடுக்குகளும் எதிர்த் திசைகளில் நகரப் பார்க்கின்றன. இழுவிசை அதிகமாக விழுவது அடுக்குகளின் ஓரத்தில். அங்கேதான் மயிரிழை விரிசல் விடும். வெளியே ஒரு கீறலும் இருக்காது. பிறகு வேறொரு மாதத்தில், வெயில் கொளுத்தும் ஒரு நாளில், வேகமாகப் போகும்போது மேல்பட்டை மொத்தமாக உரிந்து பறக்கும். சாலையோரம் கிடக்கும் அந்தப் பட்டைகளை அமெரிக்க லாரிக்காரர்கள் முதலைகள் என்கிறார்கள்.

இந்த முறுக்கைக் குறைக்க ஓட்டுநர் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, இடம் இருந்தால் அகலமாகத் திருப்புவது. மற்றொன்று காற்று. கார் டயரில் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவுவரை காற்றடிக்க வேண்டாம் என்பார்கள். டிரெய்லர் டயரில் அனுபவசாலிகள் அந்த அளவுக்கே அடிக்கிறார்கள். விறைப்பான டயர் குறைவாக முறுகும்.

காற்று குறைந்தால் வேறொரு கேடும் உண்டு. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்துப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. ஒடிவதற்குச் சற்று முன் வளைவைத் தொட்டால் சுடும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான் வளைந்து சூடேறுகிறது. இருக்க வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த நிலையில் ஓடிய டயரைச் சேதமடைந்ததாகவே கருதிக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பது டயர்த் துறையின் விதி. ஓட்டத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். நடுவழியில் அளந்து பார்த்துவிட்டு, சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று காற்றைப் பிடுங்குகிறவர்கள் தங்கள் கையாலேயே அடுத்த வெடிப்புக்கு ஏற்பாடு செய்கிறார்கள்.

வேகமும் சேர்ந்துகொள்கிறது. தனியாக வேகக்குறி இல்லாத எஸ்டி டயர்களுக்கு மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர்தான் பழைய எல்லை. வாசகர் இருக்கும் டெக்சாஸில் ஆஸ்டினுக்குத் தெற்கே மாநில நெடுஞ்சாலை 130-இன் ஒரு பகுதியில் 85 மைல்வரை போகச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தப் பலகை தன் டயருக்கும் பொருந்தும் என்று நினைக்க ஓட்டுநருக்கு எந்தக் காரணமும் இல்லை. எல், எம், என் போன்ற வேகக்குறி உள்ள டயர்கள் இப்போது கிடைக்கின்றன. வாங்கும்போது கேட்டு வாங்கலாம்.

ஓடாமல் நிற்பதும் ஆபத்துதான். ஓசோனிலிருந்து ரப்பரைக் காக்கச் சேர்க்கும் மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்துவரும். ஆண்டில் பத்து மாதம் வீட்டு வாசலில் வெயில் காயும் டிரெய்லருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. பட்டன் தேய்வதற்குள் ரப்பருக்கு வயதாகிவிடுகிறது. பக்கச்சுவரில் உள்ள டிஓடி குறியின் கடைசி நான்கு எண்கள் வயதைச் சொல்லும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தாறு ஆண்டானால் பட்டனைப் பார்த்து மயங்காமல் மாற்றிவிடுவது நல்லது. கடைக்காரர் 'புதுசு' என்று தரும் டயரிலும் இந்த எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஓட்டுநர் தலையிலேயே விழுவது நியாயமா? ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் உரிந்து பல ஆண்டுகளில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்த விவகாரத்தை அடுத்து, 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. கார் டயர்களுக்குச் சோதனைகள் கடுமையாயின. காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி புதிய கார்களில் 2007 முதல் கட்டாயமானது. ஆனால் எஸ்டி டயர்களுக்கு அந்தப் புதிய தரவிதியிலிருந்து வெளிப்படையாகவே விலக்கு அளிக்கப்பட்டது. அவை பழைய விதியின் கீழேயே நின்றன. எச்சரிக்கைக் கருவியும் டிரெய்லருக்குக் கட்டாயமில்லை. டிரெய்லருக்குள் யாரும் உட்கார்ந்து பயணம் செய்வதில்லை என்பதைத் தவிர இந்த மெத்தனத்துக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. அதே டிரெய்லர் கவிழ்ந்தால் பக்கத்துத் தடத்தில் வரும் காரிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

ஆகவே அந்தக் கருவியை வாசகர் தானே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். வால்வில் திருகும் உணர்வியும் ஓட்டுநர் முன்னால் வைக்கும் சிறு திரையும் கடைகளில் கிடைக்கின்றன. இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு டயர் போனால் ஓட்டுநருக்கு ஸ்டியரிங்கில் எதுவும் தெரியாமல் போகலாம். உரிந்த பட்டை தரைப்பலகையையும் ஒயர்களையும் கிழித்த பிறகே கண்ணாடியில் புகை தெரியும். அதுவரை அதே பக்கத்து இன்னொரு டயர் இருவர் சுமையைத் தனியாகச் சுமந்து ஓடியிருக்கும். ஸ்டெப்னியை மாட்டியதோடு வேலை முடிந்ததென்று கிளம்பாமல், அந்த இன்னொரு டயரையும் கழற்றிச் சோதிக்க வேண்டும். வாசகரின் இரண்டாவது டயர் முதலாவதற்குப் பக்கத்தில் இருந்ததா என்பதை அவர் எழுதவில்லை.