மூன்று அட்டை முட்டைக்கு மைனஸ் 178 ரூபாய்

நாமக்கல் மண்டலத்துக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலையைக் காசில்தான் சொல்வார்கள். '530 காசு' என்றால் ஒரு முட்டை ஐந்து ரூபாய் முப்பது காசு. ஏறுவதும் இறங்குவதும் ஐந்து, பத்து காசுக் கணக்கில்தான். தசமப் புள்ளி எங்கே என்பதை முன்பே முடிவுசெய்துவிட்டு முழு எண்ணாகவே கணக்கை ஓட்டும் இந்த வழியைக் கணினியியலில் நிலைப்புள்ளி எண் என்பார்கள்.

5.30 என்று ரூபாயிலேயே கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? கணினிக்கு அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் அத்துப்படி. பத்தில் ஒன்றுதான் வராது. 0.3 இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும்; எங்கேயாவது வெட்டியாக வேண்டும். ஒரு முட்டையில் தெரியாத அந்தத் துணுக்கு, லோடு லோடாகக் கூட்டும்போது கணக்கில் தலைகாட்டும்.

காசில் எண்ணினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வரம்பு இருக்கிறது. குறியுள்ள 16 பிட் எண்ணின் உச்சம் 32,767. அட்டைக்கு 30 முட்டை. 530 காசு வீதம் 15,900. இரண்டு அட்டைக்கு 31,800. மூன்றாவதை வைத்ததும் 47,700 வரவேண்டும். வரம்பைக் கவனிக்காத மொழியில் எழுதிய நிரலோ சுற்றிவந்து மைனஸ் 17,836 என்று காட்டும். பண்ணைக்காரர் முட்டையையும் கொடுத்து, 178 ரூபாய் 36 காசையும் எடுத்து வைக்கவேண்டியதுதான்!

இதே 32,767தான் 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டைக் கவிழ்த்தது. கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணித்தார்கள். ஏரியான் 4-இல் அது மீறாது என்ற கணிப்பு, வேறு பாதையில் வேகமாகப் பறந்த புது ராக்கெட்டில் பொய்த்தது. இதில் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று: மீறலைக் கணினி கண்டுபிடித்துவிட்டது. மென்பொருளை எழுதிய அடா மொழிக்கு அந்த வழக்கம் உண்டு. கண்டுபிடித்ததும் கணினி தன்னையே நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள், அதே கதி. சுமார் 40 விநாடியில் ராக்கெட் சிதறியது. பறக்கும்போது கண்டுபிடித்து என்ன பயன்?

பறப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறது, அடாவிலிருந்து செதுக்கிய ஸ்பார்க் மொழி. முட்டை விலை 1 முதல் 10 ரூபாய், லோடுக்கு அதிகபட்சம் 5 லட்சம் முட்டை என்று வரம்பை எழுதிவிட்டால், அதன் நிரூபணக் கருவி நிரலை ஓட்டாமலேயே கணக்குப் போடும். மிகப் பெரிய தொகை 50 கோடி காசு. குறியுள்ள 32 பிட்டின் உச்சமோ 214 கோடிக்கு மேல். எந்த விலையிலும் எந்த லோடிலும் வழியாது. லோடை 25 லட்சம் ஆக்கிப் பாருங்கள்: 250 கோடி. அந்தப் பெருக்கல் வரியைச் சுட்டிக்காட்டி, நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்த சோதனை, ஓட்டிய அந்த ஆயிரத்துக்குத்தான் உத்தரவாதம்.

இங்கேயும் ஒரு கண்ணி. அடாவில் சாதாரண நிலைப்புள்ளி வகையிடம் 0.01 நுணுக்கம் கேட்டுச் சும்மா விட்டால், பொதுவாக 1/128 என்ற படியை எடுத்துக்கொள்ளும். அந்தப் படிகளில் 5.30 கிடையாது, கிட்டத்தில் இருப்பது 5.296875. பணக் கணக்குக்குத் தசம நிலைப்புள்ளி வகையைப் பெயர்சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும்.

கருவிக்குக் கோழியும் தெரியாது, லாரியும் தெரியாது. பத்து ரூபாய் போதுமா என்பதைப் பண்ணைக்காரரிடம்தான் கேட்கவேண்டும். போதாது என்றால் 10-ஐ 12 ஆக்கி நிரூபணத்தை மறுபடி ஓட்டலாம். 5 லட்சம் முட்டைக்கு 60 கோடி காசு. 32 பிட்டில் இன்னும் இடம் கிடக்கிறது.